பத்தாம் எண் கை

எங்கள் வீட்டில் அதைக் கையுறை என்று யாரும் சொன்னதில்லை. கிளவுஸ்தான். அரியலூரைச் சுற்றி ரெட்டிப்பாளையம், தாமரைக்குளம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு சிமென்ட் ஆலையின் புகைபோக்கி தெரியும். எந்த ஆலையிலும் நிரந்தரமில்லாத ஒப்பந்த வெல்டர் அப்பா. சூளையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களை ‘ஷட்டவுன்’ என்பார்கள். ஷட்டவுன் வந்தால் அப்பாவுக்கு வேலை வரும். சூளை முழுக்க ஆறுவதற்குள் ஆளை உள்ளே இறக்கிவிடுவார்கள். மேலே தகடு கொதிக்கும், காலடியில் சிமென்ட் தூசி கணுக்கால் வரை இருக்கும். விடியற்காலையில் வீடு திரும்பும் அப்பாவின் சட்டையில் பொறி பட்ட ஓட்டைகளை நானும் தம்பியும் எண்ணுவோம்.

கிளவுஸ் முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை வரும். புதிதாக இருக்கும்போது அதை நாங்கள் தொடக் கூடாது. ஷட்டவுன் முடியும்போது உள்ளங்கைப் பக்கம் சுருங்கி, அட்டை போல விறைத்து, வெடித்துவிடும். அதன் பிறகுதான் அது அம்மாவிடம் வரும். விறகடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கவும், சீமைக் கருவேலம் வெட்டப் போகும்போது முள்ளுக்கும் அம்மா அதைத்தான் போட்டுக்கொள்வாள். ஆணின் கையைக் காக்கத் தகுதியற்றுப் போன பிறகு பெண்ணின் கைக்கு வரும் பொருள் அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அம்மா சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொள்வாள். அதற்கு முன்பு அவளுக்குக் கரித்துணிதான் இருந்தது.

கூலி கொடுக்கும் நாளில் ஒப்பந்தக்காரர் ‘கிளவுஸ் காசு’ என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார். பல வருடங்கள் கழித்து 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தைப் படித்தபோது அதன் 114ஆம் பிரிவில் நின்றுவிட்டேன். சட்டப்படி முதலாளி செய்து தரவேண்டிய எந்த வசதிக்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றது அது. அப்பாவிடம் சொன்னேன். “அதெல்லாம் பர்மனென்ட் ஆளுக்கு இருக்கும்மா” என்றார். சட்டத்தில் அப்படி ஒரு வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் அவர் கண்ட நடைமுறையில் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தக் கிளவுஸைப் பற்றியது. அது யாருடைய தோலால், யாருடைய உழைப்பால் வந்தது, யாருடைய கையை மனதில் வைத்து வெட்டப்பட்டது என்று தேடிப்போனபோது எனக்குக் கிடைத்த வரலாறு.

நீல ஓரம்

பழைய கிளவுஸ் ஒன்றைக் கத்தரித்துப் பார்த்தால் வெட்டுவாயில் வெளிர்நீலம் தெரியும். அது குரோமியத்தின் நிறம். ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல் சூட்டில் சீக்கிரம் சுருங்கும். குரோமிய உப்பில் பதப்படுத்தியது அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். வெல்டிங் கிளவுஸுக்குக் குரோம் தோல் பயன்படுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இந்த முறை தமிழ்நாட்டுக்கு வந்தது விவசாயத்தின் வழியாக. 1900களின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தபோது அவர் மனதில் இருந்தவற்றில் ஒன்று கவலைச் சால். கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் தோல் பை அது. பட்டைத் தோல் தண்ணீரில் சீக்கிரம் நைந்து போனது, மாற்றுத் தோல் வாங்க விவசாயிக்குச் செலவு. பின்னர் பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனி வந்தது. இன்று நாம் ரயிலில் கடந்துபோகும் குரோம்பேட்டைக்கு அந்தக் கம்பெனியால்தான் பெயர்.

கவலை ஓட்டியவர் எந்தச் சாதியாக இருந்தாலும் சாலைத் தைத்துக் கொடுத்தவர் பெரும்பாலும் அருந்ததியர். தோலைத் தொடுவது தீட்டு. அதே தோலில் வந்த தண்ணீர் தீட்டில்லை. கிளவுஸுக்கும் இதே கணக்குதான். எங்கள் தெருவில் செருப்பைக் கையால் எடுத்தால் கையைக் கழுவச் சொல்லும் வீடுகளிலும் கிளவுஸ் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும். ஆலைக்குள்ளிருந்து வந்ததால் அதன் தோல் மறந்துபோயிருந்தது.

தோலை இயந்திரத்தில் குறுக்காகப் பிளப்பார்கள். வழவழப்பான மேல்பக்கம் ஷூவுக்கும் கைப்பைக்கும் போகும். சொரசொரப்பான கீழ்ப்பக்கத்தை ‘ஸ்பிளிட்’ என்பார்கள். வெல்டருக்கு வருவது பெரும்பாலும் இதுதான். ஏற்றுமதி ஷூவின் மிச்சம். 1970களில் இந்திய அரசு பதப்படுத்தாத தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த பொருளாக அனுப்பும்படி தூண்டியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ ஆலைகள் பெருகின. அவற்றின் தையல் வரிசைகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆம்பூர் பக்கத்தில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். தடித்த ஊசியும் மெழுகு நூலும் இழுத்து விரல் வெட்டுப்படும். அவர்களுக்குக் கையுறை கிடையாது. தொழில் கையுறைகளின் பெரிய மையம் கொல்கத்தா. அங்கிருந்து உலகம் முழுவதற்கும் போகிறது.

தோல் வந்த வழியில் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. பாலாற்றங்கரையில் தோல் ஆலைகளின் கழிவு கிணறுகளில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணறு கெட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் போகிறவள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குரோமியம் எங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. சிமென்டில் மிகச் சிறிய அளவில் ஆறு இணைதிறன் குரோமியம் உண்டு. ஈரச் சிமென்ட் நாள்கணக்கில் கையில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமையாகி, தோல் வெடித்து நீர் வடியும். ஐரோப்பிய ஒன்றியம் சிமென்டில் அதற்கு உச்சவரம்பு வைத்தது 2005இல். தோல் பொருட்களுக்கு 2015இல். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் குரோம் தோல் கையுறையும் சிலருக்கு அரிக்கும். எந்தக் கையைக் காக்க வந்ததோ அந்தக் கையையே அது புண்ணாக்கும். அரியலூரில் உற்பத்தியாகும் சிமென்டைக் கட்டட வேலையில் கலவையாக அள்ளிச் சட்டியில் போட்டுத் தூக்குபவள் சித்தாள். அவள் கை வெறுங்கை. இத்தனை ஆலைகள் உள்ள எங்கள் ஊரில் சித்தாளுக்கு ரப்பர் கையுறை கொடுத்த ஒரு கட்டடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

உறையும் விலக்கும்

‘பாதுகாப்பு’ என்ற சொல்லைத் தொழிலாளர் சட்டங்களில் தேடிப்போனால் அது இரண்டு பொருளில் வருகிறது. ஆணுக்குப் பாதுகாப்பு என்றால் கண்ணாடி, உறை, வேலி. பெண்ணுக்குப் பாதுகாப்பு என்றால் அந்த இடத்துக்குப் போகாதே.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ பெண்ணை அனுமதிக்கக் கூடாது என்றது. 27ஆம் பிரிவு பஞ்சு திறக்கும் இயந்திரம் ஓடும் பகுதியில் பெண்ணும் குழந்தையும் வேலை செய்யக் கூடாது என்றது. பருத்தி விளையும் பெரம்பலூரில் காட்டில் பஞ்சு எடுப்பவர்கள் பெண்கள். விரல்நுனி கிழிய எடுப்பதற்குத் தடையில்லை. பஞ்சு இயந்திரத்துக்கு வந்த பிறகுதான் தடை. 66ஆம் பிரிவு இரவு வேலையைத் தடுத்தது. 87ஆம் பிரிவு, அபாயமான வேலை என்று அரசு கருதும் எதிலும் பெண்களையும் வளரிளம் பருவத்தினரையும் குழந்தைகளையும் விலக்கிவைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. பெண்ணும் குழந்தையும் ஒரே வரியில்.

சுரங்கச் சட்டமும் இப்படித்தான். 1929இல் பிரிட்டிஷ் அரசு பெண்களை நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து படிப்படியாக வெளியேற்ற விதி செய்தது. உலகப்போரில் நிலக்கரி போதவில்லை என்றதும் 1943இல் தடையை எடுத்து அவர்களை மறுபடி கீழே இறக்கியது. போர் முடிந்ததும் 1946இல் மறுபடி வெளியேற்றியது. நிலக்கரி தேவைப்பட்ட அந்த மூன்று வருடங்கள் மட்டும் பெண்ணின் உடல் பலவீனமாக இல்லை போலும். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் நிலத்துக்கு மேலேயும் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் பெண் வேலை செய்யலாம் என்றது. இந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தது 2019இல்.

எங்கள் பாட்டி சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் பொறுக்கிக் கூடையில் சுமந்தவள். தலைக்குச் சும்மாடு உண்டு. கைக்கு ஒன்றுமில்லை. அவள் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சட்டம் கவனமாக எழுதியிருந்தது. அவள் உள்ளங்கையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ரேகை தேய்ந்து வழுக்கலாக இருக்கும்.

சட்டம் கையை எண்ணிய இடம் வேறொன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் சதவீதம் போட்டிருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இழந்த பிறகு அளக்க இத்தனை நுட்பமான அளவுகோல் இருக்கிறது. இழக்காமல் காக்கும் உறைக்கு விரலை யார் அளந்தார்கள்?

பாலத்தைக் கட்டியவர்கள்

பெண்கள் வெல்டிங்குக்கு வந்தது புதிது என்று நினைப்பவர்களுக்கு லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கதை நல்ல பாடம். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது ஆட்கள் போர்முனைக்குப் போய்விட, அந்தப் பாலத்தின் வேலையில் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். 1945 டிசம்பரில் முறைப்படி திறந்து வைத்த அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் பாலத்தைக் கட்டிய ஆண்களைப் பற்றியே பேசி முடித்துக்கொண்டார். தேம்ஸ் படகோட்டிகள் மட்டும் அதைப் ‘பெண்கள் பாலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறுபது, எழுபது வருடங்கள் கழித்து, வரலாற்றாசிரியர் கிறிஸ்டீன் வால் பழைய செய்தித்தாள் படச் சேகரிப்பிலிருந்து அங்கே வெல்டிங் வேலை செய்த பெண்களின் புகைப்படங்களைத் தேடி எடுத்தார். அதுவரை அது வெறும் வாய்வழிக் கதை.

அமெரிக்கக் கப்பல் தளங்களிலும் அப்போது ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டர்கள். அவர்களை அழைத்த பிரச்சாரங்கள் வெல்டிங்கைத் தையலோடு ஒப்பிட்டன. தைக்கத் தெரிந்த கைக்கு இது வரும் என்றன. போர் முடிந்ததும் அந்தக் கைகளைத் தையலுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் மண்டலத்தின் வெல்டிங் வரலாறு திருச்சியில் தொடங்குகிறது. அங்கே பெல் கொதிகலன் ஆலை 1960களில் வந்தது. 1975இல் அதனோடு சேர்ந்து வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. அதைச் சுற்றிப் பட்டறைகள் பெருகின. 1979இல் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை வந்ததும், பின்னர் தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்ததும் அங்கே கற்ற கைகளுக்கு இங்கே வேலை கிடைத்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளுக்கு ஒட்டுப்போட சாலையோரம் வெல்டிங் பட்டறைகள் முளைத்தன. பெரம்பலூர் பக்கம் டிராக்டர் டிரெய்லரும் கலப்பையும். இந்தப் பட்டறைகளில் அந்தக் காலத்தில் பெண் வந்தாள் என்றால் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். இன்னொரு வழியிலும் வந்தாள். ஆர்க் வெளிச்சம் அடித்துக் கண் மணல் போட்டது போல உறுத்தும் இரவுகளில், குழந்தை பெற்ற வீட்டில் போய்த் தாய்ப்பால் கேட்பார்கள். இரண்டு சொட்டுக் கண்ணில் விட்டால் குளிரும் என்று நம்பிக்கை. மருத்துவர்கள் அதைச் செய்யாதீர்கள் என்கிறார்கள். நான் சங்கில் பால் வாங்கிவர ஓடியிருக்கிறேன். வெல்டிங் தொழிலில் எங்கள் தெருப் பெண்களுக்கு இருந்த இடம் அதுதான்.

ஏழாம் எண் கை

அத்தை மகள் 2014இல் ஐடிஐயில் வெல்டர் பிரிவில் சேர்ந்தாள். ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இவள் பத்து முடித்திருந்தாள். “கோலம் போடுற கைக்கு இது தானா வரும்” என்று பயிற்றுநர் முதல் நாளே சொன்னாராம். பாராட்டாகத்தான் சொன்னார். அமெரிக்கக் கப்பல் தளத்தின் தையல் உவமை எழுபது வருடம் கழித்துக் கோலமாகி எங்கள் ஊருக்கு வந்துசேர்ந்திருந்தது. உண்மையில் அவளுக்கு அது தானாக வரவில்லை. ராடு ஒட்டிக்கொண்டது, கசடு உள்ளே சிக்கியது, மூன்று மாதம் கை நடுங்கியது. மற்ற மாணவர்களுக்கும் அப்படித்தான்.

அவளுக்குக் கொடுத்த கிளவுஸ் அப்பாவினுடையதைப் போலவே இருந்தது. பெரியது. விரல்நுனியில் ஒரு அங்குலம் காலியாகத் தொங்கியது. ஹோல்டரைப் பிடித்தால் தோல் மடிந்து பிடி நழுவியது. சிப்பிங் சுத்தியைப் பிடிக்கவே முடியவில்லை.

கையுறையின் எண் ஒன்றும் மர்மமில்லை. கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் எத்தனை அங்குலமோ அதுதான் எண். ஐரோப்பாவின் முந்தைய இஎன் 420 தரநிலையில் ஏழாம் எண் என்றால் சுற்றளவு 178 மில்லிமீட்டர், நீளம் 171. பத்தாம் எண் என்றால் சுற்றளவு 254, நீளம் 204. வெல்டர் கையுறைக்கென்றே உள்ள இஎன் 12477 ஆறாம் எண்ணிலிருந்து பதினொன்று வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச நீளம் வைத்திருக்கிறது. மேலும் இரண்டு வகை பிரிக்கிறது. கனமான வேலைக்கு ஏ வகை, விரல் நுட்பமாக அசைய வேண்டிய டிக் வெல்டிங் போன்ற வேலைக்கு பி வகை. இந்தியாவிலும் தோல், பருத்திக் கையுறைகளுக்கு 1973இலேயே ஐஎஸ் 6994 என்ற தரநிலை வந்துவிட்டது. ஆக, கைகள் பல அளவில் இருக்கின்றன என்பது காகிதத்தில் எல்லோருக்கும் தெரியும். அரியலூரிலும் பெரம்பலூரிலும் நான் கேட்ட கடைகளில் இருந்தது ‘பதினாலு இஞ்ச்’ என்ற ஒரே சரக்கு. அது கையுறையின் மொத்த நீளம். கையின் எண்ணைக் கேட்டால், “ஃப்ரீ சைஸ்மா, எல்லாருக்கும் ஆகும்” என்றார்கள். அளந்து பார்த்தேன். பத்தாம் எண் கைக்குச் செய்தது. என் கையும் அத்தை மகள் கையும் ஏழு.

அவள் அதைச் சரிசெய்யப் பார்த்தாள். விரல்நுனிகளைக் கத்தரித்து, அத்தையின் தையல் இயந்திரத்தில் கொடுத்து ஓரம் அடித்தாள். அத்தைக்கு ரவிக்கை தைக்கும் நூல்தான் தெரியும். வெல்டிங் கையுறையைச் சூட்டில் உருகாத அராமிட் நூலால் தைப்பார்கள். தையலுக்கு நடுவே ஒரு தோல் பட்டையை வைத்துப் பொறி நூலில் படாமல் மறைப்பார்கள். இது இருவருக்கும் தெரியாது. பாலியஸ்டர் நூல் இரண்டாம் நாள் உருகிப் பிரிந்தது. பிரிந்த வழியாகப் பொறி உள்ளே போனது. கையை உதறினாலும் கையுறை கழலவில்லை, வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேரும் இடத்தில் இன்றும் தழும்பு இருக்கிறது. “பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை” என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அப்பா மட்டும் கிளவுஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாப்பா மேல தப்பில்ல, இது அவ கைக்கு ஆகாது” என்றார்.

வேர்வை ஒரு சின்ன விஷயமில்லை. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அரைமணி நேரத்தில் கையுறை நனைந்துவிடும். நனைந்த தோல் மின்சாரத்தைத் தடுக்காது. வெல்டிங் மிஷின் சும்மா இருக்கும்போதும் ஹோல்டர் முனையில் ஐம்பது வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதனால் மாற்று ஜோடி வேண்டும், ஒன்று காயும்போது மற்றொன்று. ஷட்டவுனுக்கு ஒரே ஜோடி கொடுத்து அதற்கும் காசு பிடித்த இடத்தில் மாற்று ஜோடியை யார் கேட்பது? பத்தாம் எண் கை உடையவருக்கே இது கிடைக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அப்பாவின் புறங்கையிலும் தழும்புகள் நிறைய உண்டு. ஆனால் அவருடைய தழும்பைப் பார்த்து யாரும் ஆணுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டதில்லை.

பதிவேடு

தடைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் ரத்து செய்தது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைகளிலும் பெண்கள் வேலை செய்யலாம் என்கிறது. இரவு வேலைக்கு அவள் சம்மதம் வேண்டும். இதை வரவேற்கிறேன். ஆனால் விலக்கை எடுத்துவிட்டு உறையைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? நாளைக்கு ஒருத்திக்குக் காயம் பட்டால், நீயாகத்தானே சம்மதித்தாய் என்பார்கள். கதவைத் திறந்துவிட்டவர்கள் உள்ளே இருக்கும் பொருட்களை மாற்றவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடு ஒன்றை அப்பாவுடன் போய்ப் பார்த்தேன். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் வந்த படிவம். பெயர், வயது, பாலினம், தந்தை அல்லது கணவர் பெயர், வேலையின் தன்மை, நிரந்தர முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி. கைக்கென்று அதில் இருந்தது ஒரே ஒரு இடம்: கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. கூலி வாங்கியதற்கும் ஆள் வந்ததற்கும் சாட்சி சொல்ல மட்டும் கை தேவைப்பட்டிருக்கிறது.

அத்தை மகள் இப்போது பெரம்பலூர் பக்கம் ஒரு பட்டறையில் டிரெய்லர் வேலை செய்கிறாள். ஏழாம் எண் கையுறையைச் சென்னையிலிருந்து வரவழைத்துக்கொள்கிறாள், தன் காசில். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களின் கையையும் தையல் நாடாவால் அளந்தாளாம். ஒருத்திக்கு ஏழு, இன்னொருத்திக்கு ஆறு. பட்டறை நோட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். முதலாளி பார்த்துவிட்டு, “இது என்னம்மா நம்பர்?” என்று கேட்டிருக்கிறார்.

“கைண்ணே” என்றிருக்கிறாள். “இத வாங்கித் தரணும்.”